பென் 10: பழசா, புதுசா?

"கண்ணு, லீவுக்குப் பையனுக்கு எந்த பென் 10 கார்ட்டூனைப் போடறது?" என்று கோபியிலிருந்து அக்கா கேட்டாள். பென் என்ற பையன் கையில் மாட்டிய வாட்ச் அவனை விதவிதமான ஏலியனாக, அதாவது வேற்றுக்கிரக உயிராக மாற்றும்; அதுதான் கதை.

நேரம்: 2005-இல் வந்த பழசில் ஒரு கதை 20 நிமிடத்துக்கு மேல். 2016-இல் மறுபடி எடுத்து வந்த புதுசில் 11 நிமிடம்தான். சோறு உண்பதற்குள் முடிந்துவிடும்.

ஏலியன்கள்: இரண்டிலும் முதலில் பத்து. ஆனால் புதுசில் வைல்ட்மட், ரிப்ஜாஸ், கோஸ்ட்ஃப்ரீக் மூவருக்கும் பதிலாக கேனன்போல்ட், வைல்ட்வைன், ஓவர்ஃப்ளோ. கண்ணே இல்லாமல் மோப்பத்தில் பாயும் வைல்ட்மட் இல்லாத வாட்சை என் மனசு ஏற்கவில்லை.

பயம்: பழசில் கோஸ்ட்ஃப்ரீக் வாட்சை விட்டே தப்பித்து பென்னைத் துரத்தும். அன்று ராத்திரி திண்ணையில் படுக்காமல் அம்மாயி சேலையைப் பிடித்துக்கொண்டே தூங்கினேன். புதுசில் சிரிப்புதான் அதிகம்.

ஆறு வயசுக்குப் புதுசு சரி. பத்து ஆகிவிட்டதா, பழசைப் போடு அக்கா, முதல் கதையிலிருந்து. நானும் வருகிறேன்.