குயின் மேரியில் ஓர் இரவு

கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் 1967 டிசம்பரிலிருந்து கட்டிப் போட்டு, ஓட்டலாக மாற்றியிருக்கும் பழைய பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் குயின் மேரியில் ஓர் இரவு தங்கினேன். சொகுசு ஓட்டல் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கட்டில் போட்ட அருங்காட்சியகம். அந்த எண்ணத்தோடு போனால் கொடுத்த காசு வலிக்காது.

நடைபாதையிலேயே வேடிக்கை ஆரம்பம். நடுவில் நின்று பார்த்தால் தரை இரண்டு கோடியிலும் லேசாக மேலேறுகிறது. வீட்டில் இப்படி இருந்தால் கொத்தனாரைத் திட்டியிருப்போம். அலை ஏறாமல் இருக்க அந்தக் காலக் கப்பலை முன்னும் பின்னும் உயர்த்திக் கட்டுவார்கள், அந்த வளைவுதான் உள்ளேயும் தெரிகிறது.

அப்புறம் மரம். கப்பல் முழுக்க 56 வகை மரம் என்று சொல்கிறார்கள். மெல்லிசாகச் சீவிய இரண்டு தகடுகளைப் புத்தகம் விரித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள், ஒன்றின் ரேகை இன்னொன்றில் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி வருகிறது. சுவரைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் நின்றிருப்பேன். குளியலறையில் பழைய திருகுகள் நான்கு: நன்னீரில் சூடு, குளிர், கடல்நீரில் சூடு, குளிர். உப்புத்தண்ணீர் இப்போது வராது என்று தெரிந்தும் திருகிப் பார்த்தேன், ஆசை யாரை விட்டது.

எனக்குப் பிடித்த இடம் என்றால் முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடம்தான். சுவரில் மெக்டொனால்ட் கில் வரைந்த பெரிய அட்லாண்டிக் வரைபடம். ஒரு பக்கம் இங்கிலாந்து, மறு பக்கம் நியூயார்க். நடுவே குளிர்காலத்துக்கு ஒன்றும் கோடைக்கு ஒன்றுமாக இரண்டு தடங்கள், அதன்மேல் ஒரு குட்டிப் படிகக் கப்பல். கப்பல் நகர நகர அதுவும் நகருமாம், சூப்பைக் குடித்துக்கொண்டே பயணிகள் எங்கே இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்வார்கள். இன்று விமானத்தில் முன்சீட்டுத் திரையில் ஊர்ந்து போகிறதே ஒரு பொம்மை விமானம், அதற்கு இது தாத்தா.

1936இல் இது ஓடத் தொடங்கியபோது, முந்தைய ஆண்டே வந்துவிட்ட பிரெஞ்சுக்காரர்களின் நார்மண்டி கப்பலோடு ஒப்பிட்டு, கொஞ்சம் பழைய பாணி என்று சொன்னவர்கள் உண்டு. தப்பில்லை. அதன் சாப்பாட்டுக் கூடமே 305 அடி நீளம், பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் லாலிக்கின் விளக்குகள் வேறு. அதற்கு முன்னால் இது பெரிய பங்களா மாதிரிதான். ஆனால் நாள் முழுக்க இருக்க வேண்டும் என்றால் நான் பங்களாவைத்தான் கேட்பேன். நார்மண்டி 1942இல் நியூயார்க் துறையில் தீப்பிடித்துக் கவிழ்ந்தது. இதுவோ சாம்பல் வண்ணம் பூசிக்கொண்டு படைவீரர்களைச் சுமந்தது. 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேர்! நாற்காலி மேசையெல்லாம் கிடங்குக்குப் போய், போர் முடிந்து திரும்பி வந்தவை.

இயந்திர அறையையும் பாருங்கள், ஆனால் 27 கொதிகலன்களில் ஒன்றுகூட மிச்சமில்லை, ஓட்டலாக மாற்றும்போது கழற்றிவிட்டார்கள். அவ்வளவு பெரிய வயிறு காலியாகக் கிடப்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. மாலையில் முன்பக்கத்து அப்சர்வேஷன் பாருக்குப் போங்கள், குடிக்காதவர்களும்தான். அரைவட்டமாக வளைந்த அறை, பாருக்கு மேலே 1935இல் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாக் கூட்டம் ஆடிப்பாடும் ஓவியம்.

உள்பக்க அறை வேண்டாம். வட்டச் சன்னல் உள்ள அறையாகக் கேட்டு வாங்குங்கள், அதுவும் திறக்கிற சன்னலா என்று கேட்டுக்கொண்டு. நான் பித்தளைத் திருகைக் கழற்றித் திறந்து வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.