ரைசன் 5 5600: இரண்டாண்டு வெப்பநிலைக் குறிப்புகள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டு உபயோகத்துக்காக ஒரு கணினியை நானே பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தினேன். ஏஎம்டி ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு, பிராசஸரைக் குளிர்விக்க அதன் பெட்டியிலேயே வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் ஆகியவை அதன் முக்கியப் பாகங்கள். பொருத்தும் வேலை ஒரே மாலையில் முடிந்துவிட்டது. பிராசஸரின் வெப்பநிலையைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான் பல வாரங்கள் பிடித்தன.

முதல் நாள் பயாஸ் திரையில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரையில், 52 டிகிரி செல்சியஸ் என்று இருந்தது. விண்டோஸுக்குள் சென்றதும் அது 42 ஆனது. நான் நிறுவியிருந்த இலவச மென்பொருள் ஒன்றோ, பொருள் விளங்காத ஒரு பெயருக்கு எதிரே 118 டிகிரி என்று சிவப்பில் காட்டியது. பதற்றத்தில் கூலரைக் கழற்றி, பிராசஸரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி மாட்டியும் அந்த 118 அசையவில்லை. இரவு முழுவதும் அணைத்து வைத்திருந்து காலையில் போட்டபோதும் அதே 118 வந்து நின்றபிறகுதான், அது வெப்பநிலையே அல்ல என்று எனக்கு உறைத்தது. மதர்போர்டில் உள்ள கண்காணிப்புச் சில்லில் சென்சார் இணைப்பதற்கான முனைகள் பல இருக்கின்றன. எதனுடனும் இணைக்கப்படாமல் விடப்பட்ட முனையையும் சில மென்பொருள்கள் படித்து, கிடைத்த எண்ணை வெப்பநிலையாகக் காட்டிவிடுகின்றன. 5600-க்கு ஏஎம்டி குறிப்பிடும் உச்ச வரம்பே 90 டிகிரிதான் என்பதை முதலிலேயே பார்த்திருந்தால், நல்ல பேஸ்டை வீணாக்கியிருக்க மாட்டேன்.

பயாஸில் எண் கூடுதலாக இருந்ததற்குக் காரணம், அங்கே மின்சிக்கன நிலைகள் பெரும்பாலும் இயங்காததால் பிராசஸர் சும்மா இருக்கும்போதும் ஓய்வு கொள்வதில்லை என்பதே. விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பநிலையைக் காட்டுமே தவிர, பிராசஸருடையதைக் காட்டாது. ஆகவே கணினியின் சென்சார் மதிப்புகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ64 மென்பொருளுக்கு மாறினேன். இன்றுவரை அதையே வைத்திருக்கிறேன்.

அதில் நான் பார்ப்பது டிசிடிஎல்/டிடை என்ற ஒரே வரியைத்தான். பிராசஸருக்குள் இருக்கும் சென்சார்களிலிருந்து பெறப்பட்டு, ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தவும் பயன்படும் மதிப்பு அது. 2017-இல் வந்த ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவற்றில் இந்த டிசிடிஎல் உண்மை வெப்பநிலையைவிட 20 டிகிரி கூட்டியே சொல்லும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்து ஆலோசனைகளைப் படித்துவிட்டு இன்றைய எண்ணிலிருந்து 20-ஐக் கழிப்பவர்கள் உண்டு. 5600-இல் அப்படிக் கழிக்க எதுவும் இல்லை.

சும்மா இருக்கும்போது 40-க்கும் 55-க்கும் இடையே எண் துள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு சிறு வேலை வந்தாலும் பிராசஸருக்குள் உள்ள கணக்கிடும் அலகுகளில் (கோர்) ஒன்று சட்டென்று உச்ச வேகத்துக்குப் போவதால் ஏற்படும் துள்ளல் அது. இதற்காகக் கவலைப்படுவதைவிட, பயாஸில் ஃபேன் வேகம் மாறுவதற்குச் சில விநாடித் தாமதத்தை வைப்பது நல்லது. ஃபேன் அடிக்கடி இரைந்து அடங்கும் தொல்லை போய்விடும். மேலும், கண்காணிக்கும் மென்பொருளே அடிக்கடி பிராசஸரைத் தட்டி எழுப்புகிறது. அதன் இடைவெளியை 2 விநாடியிலிருந்து அரை விநாடியாகக் குறைத்துப் பார்த்தபோது, ஓய்வு வெப்பநிலை 3 டிகிரி ஏறியது.

எனவே ஓய்வு எண்ணை விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டி, கடைசி இரண்டு நிமிடச் சராசரியை நோட்டில் எழுதலானேன். அதோடு, பக்கத்து மேசையில் வைத்த சாதாரணத் தெர்மாமீட்டர் காட்டும் அறை வெப்பநிலையையும் எழுதுவேன். நான் இருக்கும் திருச்சியில் இந்த இரண்டாவது எண் இல்லாமல் முதல் எண்ணுக்குப் பொருளே இல்லை. ஜனவரியில் அறை 28, பிராசஸர் 78. மே மாதத்தில் அறை 36, பிராசஸர் 86. கூலர் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். ஆனால் இரு மாதங்களிலும் அறைக்கும் பிராசஸருக்கும் உள்ள வித்தியாசம் 50 டிகிரிதான். சோதனையின்போது பிராசஸர் இழுக்கும் மின்சாரம் அதன் வரம்பான 76 வாட்டை ஒட்டி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வேன். அது குறைந்திருந்தால் அன்றைய கணக்கை ஒப்பிட முடியாது.

பதினான்காவது மாதத்தில் வித்தியாசம் 57 ஆனது. அது மழைக்காலம், பிராசஸர் 86-தான் காட்டியது, மே மாதம் பார்த்த அதே எண். அறை வெப்பநிலையை எழுதியிராவிட்டால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. கூலரின் தகடுகளுக்கிடையே தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, தூரிகையால் தட்டி ஊதியதும் வித்தியாசம் 51-க்கு இறங்கியது. பேஸ்டை மாற்றவில்லை.

பெரிய கூலர் வாங்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். கடும் வெயிலிலும் 90-ஐத் தொடாதவரை இதுவே போதும் என்றிருக்கிறேன். ஃபேன் சத்தம் மட்டும் மே மாதத்தில் பக்கத்து அறை வரை கேட்கிறது.