பசையா, திருகா? கைக்கு எட்டும் விலையில் இரண்டு செமி ஹாலோ கிதார்கள்

கையில் இருந்த பணத்துக்குக் கடைசிவரை இரண்டு கிதார்கள்தாம் போட்டியில் நின்றன. ஒன்று எபிஃபோன் இ.எஸ். 335. மற்றது ஸ்கொயர் அஃபினிட்டி ஸ்டார்காஸ்டர். நான் ஸ்டார்காஸ்டரை வாங்கினேன். திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் இருக்கும் வீட்டில் நான்கு ஆண்டுகளாக அதை வாசித்து வருகிறேன். எபிஃபோனையும் கடையில் பத்து நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு எழுதவில்லை. நண்பர் ஒருவர் வேலைக்காக வெளிநாடு போனபோது தன்னுடைய எபிஃபோனை எட்டு மாதம் என் பொறுப்பில் விட்டுப் போனார். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை. இரண்டையும் நாள்தோறும் கையில் எடுத்தவனின் சாட்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செமி ஹாலோ என்றால் என்ன என்பதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. வெளியே பார்த்தால் வயலின்போல் எஃப் வடிவத் துளைகள் கொண்ட கூடு. உள்ளே நடுவில் நீளவாக்கில் ஒரு மரக்கட்டை. இருபுறமும் காற்று, நடுவில் கட்டை. 1940 வாக்கில் கிதார் கலைஞர் லெஸ் பால் நியூயார்க்கில் எபிஃபோன் தொழிற்சாலைக்குள் அமர்ந்து, ஒரு பைன் மரக்கட்டையில் தந்திகளைப் பூட்டி, பார்ப்பவர்கள் சிரிக்கக் கூடாது என்பதற்காகச் சாதாரண கிதாரின் உடலை இரண்டாக அறுத்து இருபுறமும் ஒட்டினார். கிப்சன் நிறுவனம் டெட் மெக்கார்ட்டியின் தலைமையில் 1958இல் இ.எஸ். 335ஐக் கொண்டுவந்தபோது கட்டை கூட்டுக்குள் மறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டே எபிஃபோன் கிப்சனின் கைக்கு வந்துவிட்டது. அதனால்தான் கிப்சன் வாங்க வசதியில்லாத நம்மைப் போன்றவர்களுக்கு அதே உருவம், அதே அளவுகள், எபிஃபோன் பெயரில் கிடைக்கின்றன.

ஸ்டார்காஸ்டரின் கதை தோல்வியில் தொடங்குகிறது. 1970களின் நடுவில் ஃபெண்டர் 335க்குப் போட்டியாக இறக்கியது, யாரும் சீந்தவில்லை, சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். ரேடியோஹெட் என்ற ஆங்கில ராக் குழுவின் ஜானி கிரீன்வுட் கையில் அது தென்பட்ட பிறகுதான் மக்கள் திரும்பிப் பார்த்தார்கள். 2013இல் ஃபெண்டர் மறுபடி வெளியிட்டது. பிறகு அதன் மலிவுவிலைப் பிரிவான ஸ்கொயரிலும் வந்தது. இடுப்பு ஒருபக்கம் நழுவியதுபோல் கோணலான உடல். என் மனைவி அதை முதலில் பார்த்தபோது, "வெயிலில் வைத்து வளைந்துவிட்டதா?" என்று கேட்டார்.

ஒலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நான் இரண்டு பத்தியில் முடித்துவிடுகிறேன். எபிஃபோனின் ஒலி கனிந்தது. தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் பிக்கப்புகளில் கழுத்துப் பக்கத்ததைத் தேர்ந்து டோனைப் பாதிக்குக் குறைத்தால் குளிர்காலத்தில் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல் ஒரு வெதுவெதுப்பு. ஸ்டார்காஸ்டர் இன்னும் தெளிவாக, விளிம்புகள் கூர்மையாகப் பேசும். இதில் தந்தி நீளத்துக்குப் பங்கு இருக்கிறது. எபிஃபோனில் 24.75 அங்குலம், ஸ்டார்காஸ்டரில் 25.5. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஒரே தடிமன் தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றினால் ஸ்டார்காஸ்டரில் இறுக்கம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடும்.

அந்த 6 சதவீதம் விரல் நுனிக்குத் தெரியும். கமகம் போட்டு இழுத்து வாசிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு எபிஃபோன் விட்டுக்கொடுக்கும், ஸ்டார்காஸ்டர் எதிர்த்து நிற்கும். நான் தந்தியை ஒரு படி மெல்லியதாக மாற்றிச் சமாளித்தேன். தந்தியை இழுக்கும் சுகத்தில் எபிஃபோனுக்கே என் ஓட்டு. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் இரவு பத்து மணிக்குமேல் மெதுவாக வாசிப்பதற்கு இரண்டுமே போதும். கூடு சிறிதளவு ஒலியைத் தரும், பக்கத்து வீட்டுக்காரர் எழமாட்டார். கூடே இல்லாமல் முழுக் கட்டையால் ஆன சாலிட் பாடி கிதாரில் இந்தச் சின்ன சலுகை கிடையாது.

இரண்டின் உடலும் அடுக்கு ஒட்டிய மேப்பிள் மரம். பச்சையாகச் சொன்னால் ப்ளைவுட். இதற்காக முகம் சுளிக்க வேண்டாம். லட்சக்கணக்கில் விற்கும் கிப்சன் 335இன் உடலும் அடுக்கு மரம்தான். கடலோர ஊரில் அது ஒரு வரம். என்னிடம் இருக்கும் முழு மரப்பலகை அக்கூஸ்டிக் கிதார் ஒவ்வோர் ஐப்பசியிலும் வயிறு உப்பி, பங்குனியில் வற்றும். இவை இரண்டும் அசைந்துகொடுக்காது. தந்திகள் மட்டும் மூன்றே வாரத்தில் கறுக்கும். பூச்சிட்ட தந்தி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இனிதான் நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

எபிஃபோனின் கழுத்து உடலோடு பசையிட்டு ஒட்டப்பட்டது. ஸ்டார்காஸ்டரின் கழுத்து திருகால் பொருத்தப்பட்டது. பசையில் ஒலி நீடிக்கும் என்பார்கள், பட்டியலில் அதை ஒரு பெருமையாகவும் போடுவார்கள். எனக்குக் காதால் பிரித்தறிய முடிந்ததில்லை. ஆனால் ஐந்தாறு ஆண்டு வைத்திருக்கப் போகிறவருக்கு இந்த ஒரு வேறுபாடு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

காரணம் இது. தந்தியின் இழுவையிலும் பருவ ஈரத்திலும் கழுத்து இரண்டு விதமாக நகரும். ஒன்று, வில்போல் வளைவது. அதை உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பிச் சரிசெய்யலாம், இரண்டு கிதாரிலும் எளிது. மற்றது, கழுத்து உடலோடு சேரும் கோணமே கொஞ்சம் முன்னால் சாய்வது. இதற்கு டிரஸ் ராட் உதவாது. தந்தி, கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளான ஃப்ரெட்டுகளிலிருந்து எழும்பி நிற்கும். உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைக் கீழே இறக்குவோம். ஒருநாள் பிரிட்ஜ் உடலைத் தொட்டுவிடும். அதற்குமேல் இறக்க இடமில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் இசைக்குழுக்காரரிடம் பசைக் கழுத்து கிதார் ஒன்று அப்படித்தான் ஆனது. எந்த நிறுவனத்தின் கிதார் என்பது இங்கே தேவையில்லை. பத்துப் பதினைந்து ஆண்டு மேடை கண்டது. பழுது பார்ப்பவர் குனிந்து பார்த்தார், நீராவி பிடித்துப் பசையை இளக்கிக் கழுத்தைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும் என்றார். கூலியைக் கேட்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிதாரை விற்றாலும் அவ்வளவு கிடைக்காது. விலை உயர்ந்த கிதாருக்கு அந்தச் செலவு பொருந்தும். அரை லட்ச ரூபாய்க் கிதாருக்கு அது மரண தண்டனை. இப்போது அது சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது.

என் ஸ்டார்காஸ்டருக்கும் இதே காய்ச்சல் வந்தது. மூன்றாவது மழைக்காலம் முடிந்தபோது பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த தந்தி இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது, பிரிட்ஜ் ஏறக்குறைய தரை தட்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்துக் கிதாரைக் குப்புறப் படுக்கவைத்தேன். தந்திகளைத் தளர்த்திவிட்டு, திருகுகளைக் கழற்றி, கழுத்தைப் பள்ளத்திலிருந்து எடுத்தேன். அலமாரியில் இருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் ஓரத்திலிருந்து விரல் அகலத்துக்கு அட்டைத் துண்டு ஒன்றை வெட்டினேன். பள்ளத்தின் உள்கோடியில், அதாவது பிரிட்ஜை நோக்கிய முனையில், அதை வைத்தேன். அந்த முனை மயிரிழை உயர்ந்தால் கழுத்தின் தலை பின்னால் சாயும், தந்தி தாழும். துருப்பிடிக்காமல் இருக்கத் திருகுகளை மெழுகுவத்தியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து முடுக்கினேன். சுருதி சேர்த்து அளந்தபோது உயரம் இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தது. பிரிட்ஜைச் சற்று மேலே ஏற்றக்கூட இடம் கிடைத்தது. மொத்தம் நாற்பது நிமிடம். செலவு, யாரோ ஒருவரின் வரவேற்பு அழைப்பிதழ். அட்டை ஈரத்தில் அமுங்கும் என்று பிறகு மெல்லிய மரச்சீவல் வாங்கிப் போட்டேன், அது வேறு விஷயம்.

கழுத்து முற்றிலும் பாழானாலும், ஃப்ரெட்டுகள் தேய்ந்து பள்ளம் விழுந்தாலும், திருகுக் கழுத்தை மாற்றிவிடலாம் என்பது இதன் நீட்சி. கடையில் தனியாக விற்கும் கழுத்து ஒன்றை ஸ்டார்காஸ்டரின் பள்ளத்தில் நான் பொருத்திப் பார்த்ததில்லை, வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள்.

இதோடு தலையின் கோணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 335 வகைக் கிதார்களில் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மல்லாக்க விழுந்தால் முதலில் தரையில் இடிப்பது தலையின் நுனிதான். டிரஸ் ராடுக்காகக் குடைந்த இடமும் அங்கேயே இருப்பதால் மரம் அங்கேதான் மெலிந்தது, அங்கேதான் முறியும். ஃபெண்டர் வகையில் தலை கழுத்தோடு நேர்கோட்டில் இருப்பதால் இந்த ஆபத்து மிகக் குறைவு. சாய்ந்த தலை கொண்ட என் முதல் அக்கூஸ்டிக்கை ரயிலில் மேல்படுக்கையிலிருந்து நானே தள்ளிவிட்டு முறித்தேன். தவறு முழுக்க என்னுடையது. நண்பரின் எபிஃபோன் என்னிடம் இருந்த எட்டு மாதமும் அதைப் பச்சைக் குழந்தையைப் போலச் சுவரோரம் படுக்க வைத்திருந்தேன்.

ஒரு விஷயத்தில் இரண்டும் ஒரே மாதிரி கொடுமைக்காரர்கள்: மின்கம்பி வேலை. சாலிட் பாடியில் பின்புற மூடியையோ முன்புறத் தகட்டையோ கழற்றினால் எல்லாம் கண்முன்னே கிடக்கும். இங்கே அப்படி மூடி கிடையாது. வால்யூம், டோன், ஜாக் எல்லாமே எஃப் துளை வழியாகத்தான் போய்வர வேண்டும். உப்புக் காற்றில் என் வால்யூம் குமிழ் கரகரக்கத் தொடங்கியபோது முதலில் துளை வழியே நீளக் குழாய் நுழைத்துத் துப்புரவுத் திரவம் அடித்தேன். இரண்டு மாதம் அமைதி. பிறகு மறுபடி கரகரப்பு. வேறு வழியின்றி எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். எடுப்பது எளிது, நட்டுகளைக் கழற்றினால் கூட்டுக்குள் தொப்பென்று விழுந்துவிடும். திருப்பிப் பொருத்துவதில்தான் தவம்.

மீன்தொட்டிக்குப் போடும் ரப்பர் குழாயில் ஒரு முழம் வாங்கிக்கொள்ளுங்கள். அதை மேற்புறத் துளைக்குள் விட்டு, எஃப் துளை வழியாக வெளியே இழுத்து, வால்யூமின் தண்டில் மாட்டி, மெதுவாகத் திரும்ப இழுத்தால் தண்டு தன் ஓட்டைக்கு வந்து சேரும். முதல் முறை எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. இரண்டாவது ஓட்டையில் பொருத்தும்போது முதலாவது உள்ளே நழுவியது; கெட்ட வார்த்தை சொன்னேன், பக்கத்தறையிலிருந்து அம்மா கூப்பிட்டு அதட்டினார். புதிய குமிழ் வாங்குகிறவர்கள் தண்டின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். ஆசியாவில் தயாராகும் மலிவுக் கிதார்கள் பலவற்றில் ஓட்டை சிறியது. அமெரிக்க அளவுப் பாகம் நுழையாது, அடுக்கு மரத்தைத் துளைத்து அகலமாக்க வேண்டிவரும்.

ஸ்டார்காஸ்டரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கோணல் உடலால் 335க்கு அடிக்கப்பட்ட பெட்டி எதிலும் அது உட்காராது. பேஸ் கிதார் பை ஒன்றை வாங்கி, தையல்காரரிடம் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டேன். அதைவிடப் பெரியது மறுவிற்பனை. ஸ்கொயர் என்றாலே கற்றுக்கொள்கிறவன் கிதார் என்ற எண்ணம் ஊறிக்கிடக்கிறது. எபிஃபோன் 335 என்று விளம்பரம் போட்டால் மாலைக்குள் நாலு பேர் அழைப்பார்கள். இரண்டாண்டில் கைமாற்றி மேலே போகும் திட்டம் இருந்தால், நான் இதுவரை எழுதியதை மறந்துவிட்டு எபிஃபோனையே வாங்குங்கள். நான் வாங்கிய நாளில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 20,000 ரூபாய் வித்தியாசம் இருந்தது. விற்கும்போது அதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும் என்றே நினைக்கிறேன்.

இபனெஸ் ஆர்ட்கோர் ஏ.எஸ். 73ஐ ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அரைமணி நேரம் கடையில் வாசித்தேன். ஃப்ரெட் முனைகள் மூன்றிலும் அதில்தான் வழவழப்பு. ஆனால் அதுவும் பசைக் கழுத்து, சாய்ந்த தலை. என் கணக்கில் எபிஃபோன் கட்சிதான். கிரெட்ச் ஸ்ட்ரீம்லைனரைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. சத்தமாக வாசிக்கும் குழுவில் இருப்பவர்கள் ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தில் கூடு தானும் அதிர்ந்து ஊளையிடுவதைப் பற்றிக் கவலைப்படுவார்கள். நடுக்கட்டை பெரும்பாலும் காப்பாற்றும்; ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் எஃப் துளைகளுக்குள் துணியைத் திணித்து வாசித்தவர். நான் அதிகபட்சம் ஐம்பது பேர் அமரும் கூடத்தில்தான் வாசித்திருக்கிறேன், அங்கே இரண்டுமே ஊளையிடவில்லை.

நண்பர் திரும்பி வந்து எபிஃபோனை எடுத்துப் போய்விட்டார். மாதம் ஒருமுறையாவது அவர் வீட்டுக்குப் போய் அதை வாங்கி வாசிக்கிறேன். அந்த வெதுவெதுப்பு என் கிதாரில் இல்லைதான். திருப்பிக் கொடுக்கும்முன் பழக்கதோஷத்தில் குனிந்து பிரிட்ஜுக்கும் உடலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று பார்ப்பேன். போன வாரம் பார்த்தபோது மூன்று மில்லிமீட்டர் இருந்தது. நண்பரிடம் சொல்லவில்லை, போன ஆண்டு அது நான்கு.