தீவா, கல்லடியா, ஆரையம்பதியா: மட்டக்களப்பில் வாடகை வீடு பார்க்கும் முன்

மட்டக்களப்பில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு?" என்றுதான். அந்தக் கேள்வியை மூன்றாவதாகத் தள்ளி வைக்கச் சொல்வேன். கல்லடிப் பாலத்துக்கு எந்தப் பக்கம், தண்ணீர் எப்படி என்பவைதான் இங்கே முதல் இரண்டு கேள்விகள். வாடகை குறைவு என்று வந்துவிட்டு, மாதா மாதம் வேறு வழியில் அதே காசைக் கட்டுகிற குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். விளம்பரத்தில் 'அப்பார்ட்மென்ட்' என்று போட்டிருந்தாலும் கொழும்பில் இருப்பது போல லிப்ட் வைத்த மாடிக் குடியிருப்பை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் அது வீட்டுக்காரர் கீழே இருக்க, மேல்மாடியைப் பிரித்துக் கொடுப்பதாக இருக்கும். இல்லையென்றால் அதே வளவுக்குள் ஓர் அனெக்ஸ். தனி வளவு, தனிக் கிணறு, தனி மீட்டரோடு வீடு கிடைத்தால் அது வேறு ரகம்.

முதலில், தீவு என்று நான் சொல்லும் புளியந்தீவும் அதை ஒட்டிய கோட்டமுனையும். பெரியபாலமும் புதுப்பாலமும் இரண்டையும் இணைப்பதால் வீடு தேடுகிறவர்களுக்கு இவை ஒரே ஊர்தான். போதனா வைத்தியசாலை, வங்கிகள், 1814-இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல் கல்லூரி, வின்சென்ட் மகளிர் பாடசாலை எல்லாமே இந்த வட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. பிள்ளையை நடத்தியே பள்ளிக்கு அனுப்பலாம். அதனால்தான் சின்ன மேல்மாடிக்கும் இங்கே அதிக வாடகை கேட்கிறார்கள். இடம் நெருக்கம், வாகனம் நிறுத்த வசதி குறைவு.

ஆனால் தீவின் பிடி முன்பு போல இல்லை. ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், 2024-இல் திராய்மடுவில் கட்டிய புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது. கச்சேரி வேலைக்காகவே தீவுக்குள் வீடு எடுத்தவர்களுக்கு இப்போது அந்தக் காரணம் இல்லை. வடக்கே ஊறணி, திராய்மடுப் பக்கம் வீடு தேடுகிறவர்கள் கூடுவார்கள் என்பது என் கணிப்பு. அங்கே வீடு வைத்திருக்கிறவர்களும் இதை நிச்சயம் கவனித்திருப்பார்கள்.

பள்ளிக்காக வீடு மாறுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதலாம் தர அனுமதிக்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. முந்தைய 5 வருடங்களின் வாக்காளர் பட்டியலில் அந்த முகவரியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதற்குத்தான் கணிசமான புள்ளி. பிள்ளைக்கு 4 வயதானபோது கூடுதல் வாடகை கொடுத்து கோட்டமுனைக்கு வந்து, பிறகு மனம் நொந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது கல்லடி, நாவற்குடா. என் மனம் இந்தப் பக்கம் சாய்வதை மறைக்கவில்லை. 1924-இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு பக்க வாகனங்கள் வரும்போது மறுபக்கம் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பை நினைத்தே பலர் கல்லடியில் வீடு எடுக்கத் தயங்கினார்கள். 2013-இல் புதிய பாலம் திறந்த பிறகு அந்தத் தயக்கம் போய்விட்டது. சிவானந்தா வித்தியாலயம், இராமகிருஷ்ண மிஷன், சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் என்று பிள்ளைகளுக்கான இடங்களும் பக்கத்திலேயே உண்டு. தீவில் ஒரு மேல்மாடிக்குக் கொடுக்கிற வாடகையில் இங்கே இரண்டு மாமரத்தோடு ஒரு வளவே கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

ஆனால் கல்லடியில் ஒரே தெருவின் இரண்டு முனைகளும் ஒன்றல்ல. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். அதனால் கிணற்றை எட்டிப் பார்த்தால் போதாது, ஒரு வாய் குடித்துப் பாருங்கள். குழாய் நீர் இணைப்பு இருக்கிறதா, அதன் பில் யார் பெயரில் வருகிறது என்றும் கேளுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இன்னொரு விஷயம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியை இந்தக் கரை மறக்கவில்லை. அங்கே குடியிருக்க விரும்பாதவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மனம் ஒப்பாவிட்டால், மலிவாகக் கிடைக்கிறது என்று அந்த வீட்டை எடுக்காதீர்கள்.

சரி, ஆரையம்பதி. காத்தான்குடியைத் தாண்டினால் வந்துவிடும். கல்முனை வீதியில் பஸ் அடிக்கடி ஓடுகிறது. வீடு விசாலமாகவும் வாடகை குறைவாகவும் இருக்கும். ஒரு கணக்குக்காக நகரத்து வீடு 40,000, இங்கே 25,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 8 கிலோமீட்டர், மாதம் 24 நாள் மோட்டார் சைக்கிளில் போய் வந்தால் 384 கிலோமீட்டர். லீட்டருக்கு 40 கிலோமீட்டர், பெட்ரோல் 300 ரூபாய் என்று எடுத்தால் ஏறக்குறைய 2,900 ரூபாய். ஒருவர் மட்டும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு இது நல்ல லாபம். இரண்டு பேர் எதிர் எதிர் திசையில் போய், இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி வேனும் பிடித்தால் மிச்சம் கரைந்துவிடும். வந்தாறுமூலை, செங்கலடிப் பக்கத்தைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை அல்லது படிப்பு இருப்பவர்களுக்கு மட்டும் சொல்வேன். மாணவர் போடிங் அறைகளின் வாடகையைக் குடும்ப வீட்டோடு ஒப்பிட முடியாது.

மூன்று இடத்துக்கும் பொதுவான பொறி ஒன்று இருக்கிறது. அதுதான் கரண்ட் பில். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தாலும் மேல்மாடிக்காரருக்கு வேறொரு சிக்கல் அப்படியே இருக்கிறது. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால்தான் மலிவான கட்டணம். நீங்கள் 50 யூனிட், கீழே வீட்டுக்காரர் 80 யூனிட், மீட்டர் ஒன்று என்றால் பில் 130 யூனிட்டுக்கு வரும். சப் மீட்டர் பார்த்து நேர்மையாகப் பிரித்தாலும் நீங்கள் கட்டுவது மேல் படியின் விலைதான். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

அப்புறம் அட்வான்ஸ். 40,000 வாடகையில் ஒரு வருடத்தை முன்கூட்டிக் கேட்டால் 4,80,000 ரூபாய் ஒரே தடவையில் கைவிட்டுப் போகிறது. பணத்தைக் கொடுத்துவிட்டு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி வராதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் செல்லும். திருத்த வேலை யார் பொறுப்பு, இடையில் வெளியேறினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற இரண்டும் அதில் இருக்கட்டும்.

எங்கள் குடும்பம் போல, ஒருவர் நகரத்தில் வேலை, பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் நான் எடுப்பது கல்லடியில் பிரதான வீதிக்கு வாவிப் பக்கம், தனி மீட்டரோடு ஒரு வீடு. வயதான அப்பா அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டிய வீடு என்றால் யோசிக்காமல் தீவு அல்லது கோட்டமுனை.

எந்தப் பக்கமானாலும் முடிந்தால் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் போய்ப் பாருங்கள். வாவி நிரம்பி, தண்ணீரைக் கடலுக்கு விட முகத்துவாரம் வெட்டுவதா இல்லையா என்று ஊர் பேசுகிற நாட்களில் ஒழுங்கைக்குள் தண்ணீர் எதுவரை வருகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கோடையில்தான் போக முடிந்தது என்றால் புதுப் பெயின்ட் அடித்த முன்சுவரை விட்டுவிட்டு, கிணற்றடிக்குப் பின்னால் உள்ள மதிலைப் பாருங்கள். வெள்ளம் நின்ற கோடு அங்கே இருக்கும்.