பயந்த சுபாவம் உள்ளவர்கள் எந்த ஹாலோவீனுக்குப் போகலாம்?

கேரள-தமிழக எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்தவர்களுக்குப் பயம் பனைமரத்தோடு சேர்ந்தே வரும். பனையில் யட்சி குடியிருப்பாள், ராத்திரி தனியாக வருகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள் என்று பக்கத்து வீட்டு முத்தச்சி மலையாளத்தில் சொல்ல, எங்கள் பாட்டி அதையே தமிழில் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார். ஒடியன் கதை அதைவிட மோசம். மனுசன்தான், மாடாகவோ நாயாகவோ உருமாறி வேலியோரம் நிற்பான். உற்றுப் பார்த்தால் வாலோ காலோ ஏதாவது ஒன்று குறையும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் அவனால் உன்னை ஒன்றும் செய்ய முடியாது என்பார் பாட்டி.

குக்கர் விசிலுக்கே தோள் குலுங்குகிறவள் நான். 2024-ல் தீபாவளியும், பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் மேல்நாட்டு விழாவான ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31-ல் வந்தன. அன்றைக்கு எங்கள் தெருவில் வெடித்த அணுகுண்டுகளை என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வருடம் சிங்கப்பூரில் ஒரு ராத்திரி முழுக்கப் பேய் வேடக்காரர்களுக்கு நடுவே நடந்துவிட்டு, சந்தோஷமாகவே திரும்பியிருந்தேன். இது எப்படி என்று என்னைப் போன்ற சுபாவம் உள்ள இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். திடுக்கிடுவது வேறு, அருவருப்போ திகிலோ அடைவது வேறு. திடீர்ச் சத்தம் கேட்டதும் கண் மூடிக்கொள்வதும் கழுத்து உள்ளிழுப்பதும் தோள் ஏறுவதும் அனிச்சைச் செயல்கள். மூளை யோசிக்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே உடம்பு அதைச் செய்து முடித்துவிடும். அதனால் "அது பொய்தானே, எதுக்குப் பயப்படறே" என்று சொல்வதில் பிரயோசனமே இல்லை. பொய் என்று எனக்கும் தெரியும், என் தோளுக்குத்தான் தெரியாது. என் அக்கா நேரெதிர். சத்தத்துக்கு அசைய மாட்டாள், ஆனால் சிவப்புச் சாயம் ஊற்றிய ஒரு பொம்மைக் கையைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது. எங்கள் இருவருக்கும் ஒரே இடம் பொருந்தாது. நீங்கள் இதில் எந்த வகை என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

பெரும்பாலானவர்கள் நினைப்பது, சின்னதாக ஒன்றில் பழகிவிட்டு அப்புறம் பெரியதற்குப் போகலாம் என்று. பக்கத்தில் இருக்கிற சின்ன விஷயம் திருவிழாப் பொருட்காட்சியில் போடுகிற பேய் வீடு. தகரக் கொட்டகை, உள்ளே கும்மிருட்டு, சிவப்பு பல்ப் வைத்த மண்டையோடு, புஸ்ஸென்று அடிக்கும் காற்று. மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும், டிக்கெட்டும் மலிவு. நானும் அப்படித்தான் ஒரு பொருட்காட்சியில் நுழைந்தேன். இருட்டில் யாரோ என் கணுக்காலைப் பிடித்தார்கள். பின்னால் வந்த கூட்டம் தள்ளியது. வெளியே போக வழி கேட்க ஓர் ஆளில்லை. தடுக்கி விழுந்து முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம். உள்ளே பார்த்த பொம்மைகள் ஒன்றும் பயங்கரமாக இல்லை. வேடக்காரர் தொடலாமா கூடாதா என்று ஒரு விதி இல்லாததும், நடுவில் நின்றுகொள்ள வழி இல்லாததும்தான் என்னை வதைத்தன. எளிதில் பயப்படுகிறவர்களுக்கு இதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன், பழகுவதற்காகக்கூட.

நம் பக்கத்து கேளிக்கைப் பூங்காக்களில் வேறு மாதிரி. கொச்சி பள்ளிக்கரையில் 2000-த்தில் வீகாலேண்டாகத் தொடங்கிய வொண்டர்லாவோ, மலம்புழாவின் ஃபேன்டஸி பார்க்கோ, அங்கே வயிற்றைக் கலக்குவது உயரமும் வேகமும்தான். அக்டோபர் கடைசியில் பூசணிக்காய் அலங்காரமும் முகமூடியும் பாட்டுமாக ஹாலோவீன் கொண்டாடும் வழக்கம் நம் ஊர்ப் பூங்காக்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது. குழந்தைகளோடு போய் வர அது போதும். பேய் வேண்டும் என்று போகிறவர்களுக்குத்தான் ஏமாற்றமாக இருக்கும்.

சரி, சிங்கப்பூர். செந்தோசாத் தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்காவில் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்ற ராத்திரி நிகழ்ச்சி 2011-ல் தொடங்கியது. கொரோனாவால் 2020-லும் 2021-லும் நடக்கவில்லை, 2022-ல் திரும்ப வந்தது. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, குறிப்பிட்ட சில ராத்திரிகளில் மட்டும். பகல் டிக்கெட் இதற்குச் செல்லாது, தனியாக வாங்க வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு உகந்ததல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். பார்வையாளர்கள் வேடமோ முகமூடியோ போட்டு வரக்கூடாது. இந்தக் கடைசி விதி எனக்குப் பெரிய நிம்மதி. வேடம் போட்டிருக்கிறவர் எல்லாரும் வேலையில் இருக்கிறவர், மற்றவர்கள் என்னைப் போல டிக்கெட் வாங்கி வந்தவர்கள். யார் யாரென்று குழப்பமே இல்லை.

கோவையிலிருந்து நேர் விமானம் இருப்பதால் எங்கள் எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு இது கைக்கெட்டும் தூரம்தான். அக்கா குடும்பம் அங்கே இருப்பதால் தங்குவதற்கும் கவலை இல்லை. அவள் மகளோடுதான் போனேன். அக்கா வாசலோடு நின்றுகொண்டாள், அது அவளுக்குச் சரியான முடிவு.

உள்ளே இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று திறந்த வெளியில், தெரு மாதிரி அமைத்த இடம். புகையும் வெட்டி வெட்டி மின்னும் விளக்கும் இருக்கும், வேடக்காரர்கள் நடந்து திரிவார்கள். இன்னொன்று பேய் வீடு. வரிசையாக உள்ளே போய் இருட்டு அறைகளைக் கடந்து வெளியே வருவது. எளிதில் பயப்படுகிறவர்களுக்கு இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வெளியில் வேடக்காரர் வருவது பத்தடி முன்னாலேயே தெரியும். கூட்டத்தின் நடுவே நடக்கலாம், ஓரம் ஒதுங்கலாம், திரும்பி வந்துவிடலாம். வேடக்காரர்கள் நம்மைத் தொடக்கூடாது, நாமும் அவர்களைத் தொடக்கூடாது. காது கிழிய உறுமும் மரம் அறுக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்தால் குலை நடுங்கும். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் அதன் பல்சங்கிலியைக் கழற்றிவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். அதை அக்கா மகள் சொன்னதும் எனக்குப் பாட்டியின் ஒடியன் ஞாபகம் வந்தது. குறையும் காலை ஒருமுறை பார்த்துவிட்ட பிறகு அந்தச் சத்தம் வெறும் சத்தமாகத்தான் கேட்டது.

பேய் வீட்டின் சூட்சுமமும் கண்டுபிடிக்கக்கூடியதுதான். ஒரு பக்கம் ஏதோ ஒன்று உங்கள் கண்ணை இழுக்கும், ஒரு பொம்மையோ விளக்கோ. பாய்ச்சல் வருவது எதிர்ப் பக்கத்திலிருந்து. திரைக்கோ சுவரில் வெட்டிய திறப்புக்கோ பின்னால் ஆள் நின்று, வரிசை வரும் நேரம் பார்த்து வெளியே பாய்வார். அதனால் எதையாவது காட்டி உங்களைப் பார்க்க வைத்தால், அதற்கு எதிர்ப்புறம் பாருங்கள். முதல் ஆளாகவும் கடைசி ஆளாகவும் போகாதீர்கள். நாலு பேர் நடுவில் போனால் முன்னால் இருப்பவரின் அலறலே உங்களுக்கு எச்சரிக்கை மணி. நான் போனது ஒரே ஒரு வீட்டுக்குள். பாதி வழியில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டதும் அக்கா மகள் காதருகே சொன்னாள்: "சித்தி, கண்ணை மூடாதீங்க, மூடினா சத்தம் இன்னும் பெருசா கேக்கும். என் தோளை மட்டும் பாருங்க." அவள் சொன்னது அப்படியே உண்மை. காதில் பஞ்சு வைத்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும். உள்ளே போகும் முன் வாசலில் நிற்கும் ஊழியரிடம், நடுவில் வெளியேற வேண்டுமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? அந்தப் பதில் கையில் இருந்தாலே கால் நடுக்கம் பாதி நின்றுவிடும். இருதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வீடுகளுக்குள் போகவே வேண்டாம். வெட்டி வெட்டி மின்னும் விளக்குகளை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த ராத்திரிகளில் பேய் வீடுகள் மட்டும் இல்லை. ராட்டினங்களில் சிலவும் ஓடும், மேடை நிகழ்ச்சியும் இருக்கும். ஒரு வீட்டுக்குள்ளும் நுழையாமல் நாலு மணி நேரம் போக்கிவிட்டு வரலாம். காசுக்கு அது கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி. என் மனசுக்குக் கட்டுப்படியாயிற்று.

முடிந்தால் முதல் நாள் பகலில் அதே பூங்காவுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். ராத்திரிக்காக வைத்த ஜோடனைகள் சில வெயிலில் பரிதாபமாக நிற்பது தெரியும். பிளைவுட்டும் பெயின்டும்தான். மலம்புழாத் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் செய்த யட்சி சிலை இருக்கிறதே, அவ்வளவு பெரிய யட்சியின் காலடியில் பகல் வேளையில் குழந்தைகள் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். எங்கள் பனைமரத்து யட்சியோடு எனக்குக் கொஞ்சம் சமாதானம் ஏற்பட்டதே அங்கேதான்.

கடைசியாக, டிஸ்னி வழி. ஃப்ளோரிடாவின் மேஜிக் கிங்டத்தில் 1995-லிருந்து நடக்கும் ஹாலோவீன் விருந்துக்கு வைத்த பெயரே "அவ்வளவாகப் பயமில்லாதது" என்ற பொருளில்தான். குழந்தைகள் வேடம் போட்டுக்கொண்டு மிட்டாய் வாங்கிப் போவார்கள், அணிவகுப்பு வரும், வாணவேடிக்கை இருக்கும். தலையில்லாத குதிரைக்காரன் ஒருவன் அணிவகுப்புக்கு முன்னால் கடந்து போவான், அதிகபட்சத் திகில் அவ்வளவுதான். நான் போனதில்லை, நமக்கு அது ரொம்பத் தூரம். பக்கத்தில் வேண்டுமானால் ஹாங்காங் டிஸ்னிலேண்ட். ஆனால் ஹாங்காங்கில் டிக்கெட் எடுக்கும்போது பூங்காவின் பெயரைக் கவனியுங்கள். அதே ஊரில் இருக்கும் ஓஷன் பார்க்கின் ஹாலோவீன் பேய் வீடுகளுக்குப் பேர் போனது. பெயர் மாறினால் ராத்திரியே மாறிவிடும்.

என்னிடம் கேட்டால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு போகிறவர்களும் என் அக்காவைப் போல ரத்தச் சாயம் ஆகாதவர்களும் டிஸ்னியோடு நின்றுகொள்ளலாம். என்னைப் போலச் சத்தத்துக்கும் பாய்ச்சலுக்கும் திடுக்கிடுகிற பெரியவர்களுக்கு சிங்கப்பூரே மேல், திறந்த வெளி மட்டும், அதுவும் தைரியமான ஒருவரோடு. அமெரிக்கப் பூங்காக்கள் சிலவற்றில், என்னைப் பயமுறுத்தாதே என்று வேடக்காரர்களுக்குச் சொல்லும் ஒளிரும் மாலை ஒன்றை விற்கிறார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டால் ஒதுங்கிப் போவார்கள். அப்படி ஒன்று எல்லாப் பூங்காக்களிலும் வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. பயந்தவர்களுக்கும் அந்தத் தெருவில் நடக்க இடம் உண்டு.

போன வாரம் அக்கா மகள் போனில் கேட்டாள்: "சித்தி, இந்தத் தடவை எத்தனை வீட்டுக்குள்ள போலாம்?"

"ரெண்டு. நீ முன்னாடி, உன் ஃப்ரெண்டு பின்னாடி, நான் நடுவுல."

"பஞ்சு?"

பஞ்சு ஏற்கெனவே பையில் வைத்தாயிற்று.