ஒரே பலகை, மூன்று கணக்கு: இணைகரமா, லாமியா, கூறுகளா?

பெங்களூரில் முதலாண்டு பி.யூ. (பதினோராம் வகுப்பு) படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கிராவ்சாண்ட் பலகையில் (இரு மேல்மூலைகளிலும் கப்பி உள்ள செங்குத்துப் பலகை; கப்பிகள் மேல் செல்லும் இரு நூல்களும் நடுவில் தொங்கும் நூலும் ஒரே முடிச்சில் சேரும்) தெரியாத எடையைக் கண்டுபிடிக்கும்போது, அளவீடு ஒன்றுதான். அதை விடையாக்க வழி மூன்று. ஒருபுறக் கப்பியில் 150 கிராம், மறுபுறம் 200 கிராம் (தொங்கியின் எடையையும் சேர்த்து; இதை மறப்பவர்கள் அதிகம்), இரு நூல்களுக்கும் இடையே 80 பாகை என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தொங்கும் தெரியாத எடை 270 கிராம்.

இரு நூல்களின் விசைகளையும் பக்கங்களாக வைத்து இணைகரம் வரைந்தால் விசைகள் கண்ணுக்குத் தெரியும், அதனால் முதல் தடவை இதைத்தான் செய்ய வேண்டும். 1 செ.மீ.க்கு 20 கிராம் என்று எடுத்தால் பக்கங்கள் 7.5, 10 செ.மீ.; மூலைவிட்டம் 13.5, அதாவது 270 கிராம். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 2 கிராம் போகும். தாளை மிச்சம் பிடிக்க 50 கிராம் அளவுகோல் எடுத்தால் அதே பிசகு 5 கிராமாகிவிடும்.

லாமி தேற்றம் (சமநிலையில் உள்ள மூன்று விசைகளில் ஒவ்வொன்றையும் மற்ற இரண்டுக்கும் இடையேயுள்ள கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே மதிப்பு வரும்) தேர்வு எழுத அருமையானது, இரண்டே வரி. ஆனால் லேப்பில் அதை நம்ப மாட்டேன். 200 கிராம் நூலுக்கும் நடுநூலுக்கும் இடைக்கோணம் 146.8 பாகை. 180ஐ நெருங்க நெருங்க சைன் மதிப்பு வேகமாகச் சரிவதால், 150 கிராமை வைத்துக் கணக்கிடும்போது இந்தக் கோணத்தில் ஒரு பாகை தவறினால் விடையில் 7 கிராம் தவறும். 200 கிராமை வைத்துச் செய்தால் கோணம் 133.2, பிழை 4 கிராமுக்குச் சற்று மேல்.

ஒவ்வொரு விசையையும் செங்குத்து, கிடை என்று இரு கூறுகளாகப் பிரிப்பதே என் தேர்வு. நடுநூலே தூக்குக்குண்டு மாதிரி செங்குத்தைக் காட்டிவிடும். அதிலிருந்து இரு நூல்களும் 46.8, 33.2 பாகை சாய்ந்திருக்கின்றன. எடைகளை இவற்றின் கோசைனால் பெருக்கிச் செங்குத்துக் கூறுகளைக் கூட்டினால் 102.6 + 167.4 = 270. இங்கே ஒரு பாகைத் தவறுக்கு 2 கிராம்தான் இழப்பு. அதைவிட முக்கியம், சைனால் பெருக்கி வரும் கிடைக்கூறுகள் இருபுறமும் 109.4 என்று ஒத்துப்போக வேண்டும் என்பது. லாமியின் ஒற்றை விகிதத்தில் இந்தச் சோதனை கிடையாது. இரண்டு விகிதத்தையும் போட்டுப் பார்த்தால்தான் உண்டு.

கிடைக்கூறுகள் ஒத்துவராவிட்டால் கணக்கைத் திருத்த வேண்டாம், பலகையைப் பாருங்கள். முடிச்சை லேசாக இழுத்து விடுங்கள். பழைய இடத்துக்கே திரும்பாமல் வேறிடத்தில் நின்றால் கப்பியில் உராய்வு. அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நூலோ எடையோ பலகையைத் தொட்டாலும் இதே கோளாறுதான். மின்விசிறியை நிறுத்திவிட்டு, எடைகள் ஆடாமல் நின்றபின் நூலின் தடத்தைத் தாளில் குறியுங்கள்.