ஃபெடோரா கோர்ஓஎஸ்: ஸ்ட்ரீம் ஸ்டேபிள், கான்ஃபிக்?

ஃபெடோரா கோர்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் சர்வர்களை ஓட்டிக்கொண்டு சில வருடங்கள் ஆகின்றன. தானாகவே அப்டேட் ஆகி ரீபூட் ஆகிறதே, பயமாக இல்லையா என்று கேட்பார்கள். அப்டேட் எனக்குப் பெரிய தலைவலி தந்ததில்லை. புது மெஷினை எழுப்பும்போதுதான் வம்பு.

எது நிலையானது, எது சோதனையில் இருப்பது என்பதை இங்கே இரண்டு இடங்களில் கவனிக்க வேண்டும். ஒன்று அப்டேட் ஸ்ட்ரீம், அதாவது அப்டேட் வந்துசேரும் தடம்: ஸ்டேபிள், டெஸ்டிங், நெக்ஸ்ட். டெஸ்டிங்கில் வருவது ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஸ்டேபிளுக்கு வரும். அடுத்த பெரிய ஃபெடோரா பதிப்பு முதலில் நெக்ஸ்ட்டில் தலைகாட்டும். மற்றது, முதல் பூட்டில் மெஷினை அமைக்கும் இக்னிஷன் என்ற கருவி படிக்கும் கான்ஃபிக்கின் (அமைப்புக் கோப்பின்) பதிப்பு. 3.4.0 என்று வெறும் எண்ணாக இருந்தால் அது நிலையானது, பின்னால் வரும் இக்னிஷன் பதிப்புகளிலும் செல்லுபடியாகும். எண்ணுக்குப் பின் 'எக்ஸ்பெரிமெண்டல்' என்று ஒட்டியிருந்தால் எந்த உத்தரவாதமும் இல்லை.

வெளிக்குழு ஒன்று எங்களுக்கு எழுதிக் கொடுத்த இக்னிஷன் கான்ஃபிக், 3.5.0-எக்ஸ்பெரிமெண்டல் என்றுதான் தொடங்கியது. மெஷின்கள் சமர்த்தாக ஓடின, ஸ்ட்ரீமும் ஸ்டேபிள்தான். 2024-இல் வந்த இக்னிஷன் 2.20.0, 3.5.0-ஐ நிலையானதாக்கியது, கூடவே எக்ஸ்பெரிமெண்டல் என்ற பழைய பெயரை ஏற்பதையும் நிறுத்தியது. ஓடிக்கொண்டிருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, இக்னிஷனின் வேலை முதல் பூட்டோடு சரி. லோடு ஏறி, புது இக்னிஷன் அடங்கிய இமேஜில் ஒரு மெஷினை எழுப்பியபோதுதான் அது நேராக எமர்ஜென்சி ஷெல்லில் (பூட் பாதியில் நின்றால் வரும் கட்டளைத் திரையில்) போய் நின்றது. பாதி அமைந்த மெஷினை இக்னிஷன் ஓட விடாது. நல்ல குணம்தான், ஆனால் அந்த நேரத்தில் பாராட்டத் தோன்றாது.

இப்போது கான்ஃபிக்கை பியூட்டேன் என்ற எளிய வடிவில் எழுதி, எச்சரிக்கையையும் பிழையாக எடுத்துக்கொள்ளும் 'ஸ்ட்ரிக்ட்' ஆப்ஷனோடுதான் இக்னிஷன் கான்ஃபிக்காக மாற்றுகிறோம். எக்ஸ்பெரிமெண்டல் என்ற சொல் எங்காவது கண்ணில் பட்டால் பைப்லைன் அங்கேயே நின்றுவிடும். புது இமேஜ் வந்ததும் காலி மெஷின் ஒன்றை எழுப்பிப் பார்த்துவிட்டு அழித்துவிடுவோம்.

அப்டேட் பக்கத்தை ஜின்காட்டி என்ற புரோகிராம் பார்த்துக்கொள்கிறது. சும்மா விட்டால் அப்டேட் கிடைத்ததும் ரீபூட் செய்துவிடும், அதனால் 'பீரியாடிக்' முறையில் நேரம் குறித்துவிடுவது நல்லது. நேர மண்டலம் சொல்லாவிட்டால் யூடிசி என்றே எடுத்துக்கொள்ளும்: 22:30 என்று எழுதினால் நம்மூரில் விடிகாலை 4 மணி. 'ரோல்அவுட் வேரினஸ்' என்று 0 முதல் 1 வரை ஓர் எண் உண்டு. முக்கியமான மெஷின்களுக்கு 1-ஐ ஒட்டி வைத்தால் அவை வரிசையில் கடைசியாகப் போகும். அப்டேட் சரிப்படாவிட்டால் ஆர்பிஎம்-ஓஎஸ்ட்ரீ என்ற கருவியில் ரோல்பேக் செய்து பழைய பதிப்புக்குத் திரும்பலாம்.

டெஸ்டிங்கிலும் நெக்ஸ்ட்டிலும் ஆளுக்கொரு மெஷின் ஓட விட்டிருக்கிறேன், அசல் வேலையின் ஒரு பங்கைக் கொடுத்து. வேலையே இல்லாத மெஷின் எதையும் காட்டிக்கொடுக்காது.